வார்டு வாசலில் ஒரு பேரம்

சென்னியப்பனிடம் யாரும் சொன்ன விலைக்கு எதையும் விற்றதில்லை.

மாட்டுச் சந்தையில் தரகு அவர் தொழில். ஆனால் பேரம் சந்தையோடு நின்றதில்லை. டீக்கடையில் வடைக்குப் பேசுவார், கோயிலில் அர்ச்சனைச் சீட்டுக்குப் பேசுவார். பள்ளிக்கூடம் பார்த்ததில்லை. அடிபட்டு ஏமாந்து, திரும்ப அடிபட்டுக் கற்றுக்கொண்டவர். விலை படியவில்லை என்றால் கோபம் வந்துவிடும். படிந்துவிட்டால், இன்னும் குறைத்திருக்கலாமோ என்று அதற்கும் கோபம் வரும்.

அவர் குரல் தணிந்து பேசுகிற ஒரே ஆள் பாவாயம்மாள். சந்தை முடிகிற இடத்தில் ஒரு சின்ன மடம், அதில் இருக்கிறார். சென்னியப்பனைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது இளையவர். இவர் அவரைத் ‘தாயி’ என்பார், அவர் இவரை ‘அண்ணா’ என்பார். இதில் யார் குரு, யார் சீடன் என்று புதிதாக வருகிறவர்கள் குழம்புவார்கள். அவர்கள் இருவருக்கும் குழப்பமில்லை.

சந்தைக்கு முந்தின நாள் காலை. பாவாயம்மாள் மோருக்கு வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார். சென்னியப்பன் வந்து நின்றார். உட்காரவில்லை.

“தாயி, ஒரு வெலை கேக்கோணும்.”

“என்ன மாடுண்ணா?”

“மாடு இல்லீங்க. என்ற தம்பி.”

பாவாயம்மாள் நிமிர்ந்து பார்த்தார்.

தம்பி நாச்சிமுத்து லாரி ஓட்டியவன். குடியில் லாரி போயிற்று, பிறகு பெண்டாட்டி பிள்ளைகளும் மாமனார் வீட்டுக்குப் போய்விட்டார்கள். போன வாரம் ரத்தமாக வாந்தி எடுத்தான். டாக்டர் வயிற்றை அழுத்திப் பார்த்துவிட்டு, இனியும் குடித்தால் பொங்கலைப் பார்க்க மாட்டான் என்றார். இன்று விடிந்ததும் அவனே அண்ணன் வாசலில் வந்து நின்றிருக்கிறான். “அண்ணா, என்னை எங்கியாச்சும் சேத்தி உட்டுரு” என்றிருக்கிறான்.

“அவன் வாயில இந்தப் பேச்சு வந்ததே இல்லீங்க தாயி. மத்தியானம் கடை தொறப்பாங்க. தொறந்துட்டா மனசு மாறிப்போடுவான். அதுக்குள்ள சேத்தோணும்.”

“இடம் பார்த்துட்டீங்களா?”

“பாத்தாச்சுங்க. மலை மேல ஒரு குடி மறப்பு மையம். மாசத்துக்கு ஒரு வெலை சொன்னான். பேசினேன். பாதிக்குக் கொண்டாந்துட்டேன்.” அந்த நிலையிலும் குரலில் கொஞ்சம் பெருமை இருந்தது. “இது நியாயமா, இன்னும் எறக்கலாமான்னு நீங்க ஒரு வார்த்தை சொன்னா, வேன் அனுப்பச் சொல்லிப்போடுவேன்.”

பாவாயம்மாள் கத்தியைக் கீழே வைத்தார்.

“பாதிக்கு எப்படி வந்தான்?”

“மொதல்ல முடியாதுன்னான். போனை வெச்சேன். அவனே கூப்பிட்டு எறங்கினான். மறுக்கா வெச்சேன். மறுக்கா எறங்கினான்.”

“சந்தையில ஒருத்தன் அப்படி எறங்கினா?”

“மாட்டைச் சுத்தி வந்து பாப்பேன். எங்கியோ கோளாறு இருக்குதுன்னு...”

சொல்லிக்கொண்டே வந்தவர் நிறுத்தினார்.

“கோளாறு இல்லாத மாட்டை எப்படிக் கண்டுபிடிப்பீங்க? தெரியாமத்தான் கேக்கறேன்.”

தொழிலைப் பற்றிக் கேட்டால் சென்னியப்பனுக்கு உலகம் மறந்துவிடும். “சுழி பாப்பேன், பல்லு பாப்பேன். மெய்யா பாக்கறது நடைங்க. நடக்க உடுவேன், ஓட உடுவேன், வண்டியில பூட்டிப் பாப்பேன். ஆனா சந்தைக்கு வர்ற மாடு குளிச்சுக் கொம்பு சீவிட்டு வரும், அதை நம்பப்படாது. நல்ல ஜோடின்னா முந்தின நாளே சொல்லாமக் கொள்ளாம விக்கறவன் தொழுவத்துல போயி நின்னுருவேன். சாணியைப் பாத்தாப் போதுங்க, எல்லாம் தெரிஞ்சு போயிரும்.”

“மலை மேல போய் நின்னீங்களா?”

“போன்ல படம் அனுப்பிச்சாங்க.”

“படத்தில என்ன இருந்தது?”

“பூந்தொட்டி. கட்டில். ஒரு நீச்சல் குளம்.”

“ஆளு?”

“ஆளு இல்லீங்க.”

“அங்க இருந்துட்டு வந்தவங்க யார்கிட்டயாவது பேசினீங்களா?”

சென்னியப்பனுக்குச் சுருக்கென்றது. “மாடு வேற, மனுசன் வேறங்க தாயி!”

“ஆமாண்ணா. மாட்டுக்கு இத்தனை பாக்கறீங்க.”

அவர் துண்டை உதறித் திரும்பத் தோளில் போட்டார்.

“வேன் எதுக்கு?” என்றார் பாவாயம்மாள்.

“நாலு ஆளோட வந்து அவங்களே தூக்கிட்டுப் போயிருவாங்க. தெருவுக்கே தெரியாது.”

“வர்றேங்கறவரை எதுக்குத் தூக்கணும்?”

சென்னியப்பன் வாசல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“பக்கத்தில இடமே இல்லையா?”

“இருக்குது. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால, பெரியாஸ்பத்திரியில ஒரு வார்டு. ஓசி.” கசப்பு மருந்தைத் துப்புவதுபோல் சொன்னார்.

“அதில என்ன குறை?”

“எதைன்னு கொறைக்கறதுங்க? வெலையே சொல்லாத எடத்துல நான் என்னன்னு பேசறது? பேசாம வாங்கின சாமான் ஒண்ணுகூட எங்கிட்டத் தங்கினதில்லை.”

பாவாயம்மாள் சிரித்துவிட்டார். கையைக் கழுவிக்கொண்டு எழுந்தார்.

“வாங்க. தொழுவத்தைப் பாத்துட்டு வருவோம்.”

ஆஸ்பத்திரி நடக்கிற தூரம்தான். வார்டு கடைசிக் கட்டடத்தில் இருந்தது. வராந்தாவில் ஒருவன் இரண்டு கையாலும் டம்ளரைப் பிடித்துக்கொண்டு நடந்தான். டீ தளும்பிற்று. பக்கத்தில் இன்னொருவன், கடைசி ஓவர் மேட்ச் பார்ப்பதுபோல் அந்த டம்ளரையே பார்த்துக்கொண்டு கூடவே நடந்தான். சிந்தாமல் வாய்க்குப் போனதும் “அப்படிப் போடு!” என்றான். சென்னியப்பன் இருவருடைய காலையும் பார்த்தார்.

உள்ளே ஆலோசகர் ஜெசிந்தா என்று ஒரு பெண் இருந்தார். கேட்டதற்கெல்லாம் சொன்னார். முதலில் நடுக்கம் வரும், தூக்கம் போகும், சிலருக்கு வலிப்புகூட வரும். வீட்டில் திடீரென்று நிறுத்துவது ஆபத்து. இங்கே மருந்து கொடுத்துப் பக்கத்திலேயே இருந்து பார்ப்பார்கள். உடம்பு அடங்கியதும் உட்கார்ந்து பேச்சு. வீட்டுக்குப் போன பிறகும் வாராவாரம் வர வேண்டும்.

“எவ்வளவுங்க?”

“காசில்லை.”

“மெய்யா எவ்வளவுங்க?”

“மெய்யாத்தாங்க. காசில்லை.”

“செரி. குடியை உட்டுருவான்னு கேரண்டி?”

“அது இல்லை.”

“எங்க சந்தையில மாடு ஏருக்கு நிக்கலைன்னா திருப்பி ஓட்டிட்டு வந்துரலாமுங்க.”

“இங்கேயும் அப்படித்தான். திரும்பக் குடிச்சா, திரும்பக் கூட்டிட்டு வாங்க.”

“மறுக்காவுக்கு எவ்வளவு?”

“அதுக்கும் காசில்லை.”

“மூணாந் தடவைக்கு?”

ஜெசிந்தா அவரை நன்றாகப் பார்த்தார். “நீங்க என்ன வேலை பண்றீங்க?”

“மாட்டுத் தரகுங்க.”

“தெரியுது. அவர் சம்மதிச்சுத்தானே வர்றார்?”

“அவனேதான் கேட்டான்.”

“அப்ப இன்னிக்கே கூட்டிட்டு வாங்க, கட்டில் இருக்கு. வீட்டு ஆள் ஒருத்தர் கூடவே இருக்கணும்.”

“சம்பளத்துக்கு ஒரு ஆளு போட்டுர்றேன்.”

“சொந்தத்தில ஒருத்தர். அவர் பயந்து எந்திரிச்சா, எதிர்ல இருக்கிற முகம் தெரிஞ்ச முகமா இருக்கணும்.”

“நாளைக்குச் சந்தைங்க.”

“அப்படியா?” என்றார் ஜெசிந்தா. சேர்க்கை அட்டை ஒன்றை எடுத்து முன்னால் வைத்தார்.

சென்னியப்பன் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டு குரலைத் தணித்தார். “ஒண்ணு பண்ணுங்க. அட்டையில மஞ்சக் காமாலைன்னு எழுதிக்குங்க. வேற வார்டுல போட்டுருங்க. அதுக்கு வேணும்னா எவ்வளவு...”

“ஐயா, மஞ்சள் காமாலைக்கு வேற மாத்திரை.”

வெளியே வந்ததும் வெடித்தார்.

“எடம் நல்ல எடந்தாங்க தாயி! நான் இல்லைங்கலை. உள்ள ரெண்டு பேரு நடந்தானுங்களே, அது பொய் நடை இல்லை. ஆனா பாருங்க, இந்த கேட்டுக்கு எதுத்தாப்பலதான் டீக்கடை. நாளைக்குக் காத்தால அத்தனை தரகனும் அங்கதான் நிப்பான். குடிகாரன் வார்டு பெஞ்சுல நான் குத்த வெச்சிருக்கறதைப் பாத்தா, எம்பேச்சுக்கு என்ன மதிப்பு? ‘வீட்டுல இருக்கற ஒண்ணை அடக்கத் தெரியலை, எம்மாட்டுக்கு வெலை சொல்ல வந்துட்டான்’னு சொல்ல மாட்டான்? மலைக்கு அனுப்பிட்டா ஒரு பயலுக்குத் தெரியாது. கோளாறு இருந்தா இருந்துட்டுப் போகுது. எவ்வளவு வேணும்னாலும் குடுக்கறேன்!”

“எவ்வளவு வேணும்னாலுமா?”

“ஆமாங்க.”

பாவாயம்மாள் கையை நீட்டினார். “அந்தத் துண்டைக் குடுங்க.”

சந்தையில் விலையை வாயால் சொல்வதில்லை. கைகோத்து மேலே துண்டைப் போட்டு மூடிக்கொள்வார்கள். உள்ளே விரலைப் பிடித்துப் பிடித்துத்தான் பேச்சு. என்ன விலை ஓடுகிறது என்று அந்த இரண்டு பேருக்கும்தான் தெரியும். சுற்றி நிற்கிற கூட்டத்துக்குத் துண்டு அசைவது மட்டும் தெரியும்.

பாவாயம்மாள் அவர் கையைப் பிடித்துத் துண்டைப் போட்டு மூடினார்.

“நான் விக்கறவ. நீங்க வாங்கறவர்.”

“எதைங்க?”

“உங்க தம்பியை.”

சென்னியப்பனுக்குச் சிரிப்பு வரப் பார்த்தது, வரவில்லை. பழக்கத்தில் ஒரு விரலைக் கொடுத்தார். பாவாயம்மாள் தள்ளிவிட்டார். இரண்டு விரல். தள்ளிவிட்டார். முழுக் கையையும் கொடுத்தார். அதுவும் ஆகவில்லை. இன்னொரு கையையும் துண்டுக்குள் விட்டார். காளை ஜோடிக்குக்கூட அவர் அப்படி விட்டதில்லை. பாவாயம்மாள் தலையை ஆட்டினார்.

நெற்றி வேர்த்தது. “இதுக்கு மேல எங்கிட்ட வெரலே இல்லீங்க தாயி. என்னதான் வேணும்?”

பாவாயம்மாள் துண்டை உருவி எடுத்தார்.

இருவர் கையும் வெயிலில் வெட்டவெளிச்சமாகக் கிடந்தன. ஆட்டோக்காரர்கள் பார்த்தார்கள். மருந்துச் சீட்டோடு போன ஒரு பெண் நின்று பார்த்தாள். சென்னியப்பன் கையை இழுத்தார். பாவாயம்மாள் விடவில்லை.

“மூடாம நிக்கறதுதான் விலை. படிஞ்சுது” என்றார்.

“என்ன சென்னியப்பண்ணா! ஆஸ்பத்திரியிலயே மாடு புடிக்க ஆரம்பிச்சுட்டீங்களா?”

குட்டியப்பன். அதே சந்தையில் எதிர்த் தரகு. ஸ்கூட்டரை நிறுத்திக் காலை ஊன்றிக்கொண்டு பல்லைக் காட்டினான். “தாயிகிட்டயே துண்டு போட்டாச்சா? மடத்தை எத்தனைக்குக் கேட்டீங்க?”

“தம்பியைச் சேத்த வந்தேன்.”

“நாச்சிமுத்துவையா? என்ன, சக்கரையா?”

சர்க்கரை. கேட்டவனே பதிலையும் கையில் கொடுத்துவிட்டான். ஆமாம் என்றால் முடிந்தது.

சென்னியப்பன் பாவாயம்மாளைப் பார்த்தார். பாவாயம்மாள் டீக்கடையில் பாலை ஆற்றுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“குடி” என்றார் சென்னியப்பன்.  இன்னும் உரக்க மறுபடி சொன்னார். “குடியை நிறுத்தறதுக்கு. நாந்தான் கூட இருக்கப் போறேன். நாளைக்குச் சந்தைக்கு வர மாட்டேன்.”

குட்டியப்பன் ஸ்கூட்டரை அணைத்தான்.

“அப்ப நாளைக்கு நீங்க பேசித் தர்றதா இருந்த காட்டூர்க்காரர் காளை ஜோடி?”

“நீயே பேசிக்க.”

“தரகுக் காசு?”

“அதையும் நீயே வெச்சுக்க. போடா!”

சென்னியப்பனிடமிருந்து சும்மா ஒன்று கிடைப்பது குட்டியப்பனுக்கு வாழ்க்கையில் முதல் தடவை. இதில் என்ன ஏமாற்று என்று யோசித்துக்கொண்டே டீக்கடைக்குப் போனான். கொஞ்ச நேரத்தில் டீக்கடை மொத்தமும் திரும்பிப் பார்த்தது.

சென்னியப்பன் கழுத்து வரை சிவந்து போனார். ஆனால் அங்கேயே நின்று போன் போட்டார்.

“கெளம்புடா.”

“மலைக்காண்ணா?” என்றான் நாச்சிமுத்து.

“இல்லை. பெரியாஸ்பத்திரி.”

“கூட ஆரு இருப்பா?”

“நாந்தான்.”



“நாளைக்குச் சந்தையாச்சேண்ணா.”

“பேசாம வாடா.”

“வர்றேன். ஆனா...” நாச்சிமுத்து மூச்சு வாங்கினான். “பஸ்ஸு ஏறோணும்னா கடையைத் தாண்டித்தான் வரோணும். தொறக்கற நேரமாச்சு.”

“வாசல்லயே உக்காரு. நகராத. நான் வந்து கூட்டிட்டு வர்றேன்.”

டீக்கடையைப் பார்த்துக் கை நீட்டினார். “குட்டியப்பா, வண்டியைக் குடு!” குட்டியப்பன் ஒன்றும் கேட்கவில்லை. சாவியைத் தூக்கிப் போட்டான்.

ஸ்கூட்டரில் ஏறி உட்கார்ந்த பிறகும் சென்னியப்பனுக்கு மனசு ஆறவில்லை. காலை ஊன்றிக்கொண்டே திரும்பினார்.

“எச்சு வெலைங்க தாயி. கொஞ்சம் கொறைச்சிருக்கலாம்.”

“கொறைக்கலாமே” என்றார் பாவாயம்மாள். “குடியை விடறதுக்குத் தம்பி எவ்வளவு குடுக்கறார்னு வர்ற வழியில கேளுங்க. கேட்டுட்டு வந்து கொறைங்க.”