தூங்க வைத்த கம்ப்யூட்டர்

"டீச்சர், பூட்டின கம்ப்யூட்டருக்குள்ள ஒருத்தன் எப்படி நுழைய முடியும்?"

செருப்பைக் கழற்றும்போதே அருளப்பன் கேட்டுவிட்டார்.

ஷமீமா டீச்சருக்கு அவருடைய மகள் வயதுதான் இருக்கும். கம்ப்யூட்டரைக் காக்கும் வித்தையை அவரிடம் கற்க வந்தவர்களிலேயே வயதில் மூத்தவர் அருளப்பன். பயத்திலும் அவர்தான் மூத்தவர்.

பயப்படக் காரணம் இருந்தது. அடி பொறுக்காமல் ஓடிவரும் பெண்களுக்கு அடைக்கலம் தரும் இல்லம் ஒன்றில் அவருக்கு வேலை. எந்தப் பெண் எந்த வீட்டில் ஒளிந்திருக்கிறாள் என்பது அவருடைய லேப்டாப்பில் மட்டும்தான் இருக்கும். மடியில் கனம் இருந்தால்தான் வழியில் பயம் என்பார்கள். அந்தக் கனத்தை அவர் எங்கே போனாலும் தோளில் மாட்டிக்கொண்டே திரிந்தார்.

"என்ன நடந்துச்சு?"

"பிரிண்டர் ரிப்பேர்னு ஒருத்தன் வந்தான். நான் லேப்டாப்ப மேஜையிலயே விட்டுட்டு டீ குடிக்கக் கீழ போயிருந்தேன். திரும்பி வந்தா, கையில வயரோட என் மேஜைகிட்ட நிக்கிறான். அப்புறம்தான் தெரிஞ்சது, எங்ககிட்ட இருக்கிற ஒரு பொண்ணோட புருஷன்."

"கம்ப்யூட்டர்?"

"பூட்டித்தான் இருந்துச்சு. பாஸ்வேர்ட் என் பொண்டாட்டிக்கே தெரியாது. இருந்தாலும் மனசு கேக்கல, எல்லாரையும் வேற வேற வீட்டுக்கு மாத்திட்டோம். அட்ரஸ எடுத்திருப்பானா டீச்சர்?"

"தெரியாது. எடுத்திருந்தாலும் தடயம் இருக்காது."

அருளப்பன் தோளில் தொங்கிய பையை இறக்கினார்.

டீச்சர் கையை நீட்டினார். அருளப்பன் பையிலிருந்து லேப்டாப்பை எடுத்துக் கொடுத்தார். திறந்ததும் திரை பாஸ்வேர்ட் கேட்டது. டீச்சர் அதைச் சட்டை செய்யவே இல்லை. பக்கவாட்டில் இருந்த துளையில் ஒரு வயரைச் செருகி, மறுமுனையைத் தன் கம்ப்யூட்டரில் செருகிவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தார்.

சற்று நேரம் கழித்துத் தன் திரையை அருளப்பன் பக்கம் திருப்பினார்.

அதில் ஒரு தெருவின் பெயர் இருந்தது. பக்கத்தில் ஒரு பெண்ணின் பெயர்.

"வாய்விட்டுப் படிச்சிராதீங்க டீச்சர்!"

"படிக்கல." டீச்சர் வயரை உருவினார். தன் திரையில் வந்ததை அழித்தார்.

"நான் பாஸ்வேர்டே போடலையே!"

"பாஸ்வேர்ட் வாசல்ல நிக்குது. இந்தத் துளை யாரையும் கேக்காம நேரா மெமரிக்கே போகும். புது மெஷின்ல இதுக்குக் காவல் உண்டு. உங்களுது பழசு."

"அப்ப பசை ஊத்தி அடைச்சிரட்டுமா?"

"இத எப்பவாவது அணைப்பீங்களா?"

"எங்க அணைக்கிறது? மூடித் தூங்க வைப்பேன், அவ்வளவுதான். எந்த நேரத்துல யார் ஓடி வருவாங்கன்னு சொல்ல முடியாது. கேட்ட உடனே இடம் சொல்லணும். அணைச்சுப் போட்டா, பாழாப்போனது ஆடி அசைஞ்சுதான் எந்திரிக்கும்."

இதைச் சொன்னபோது அந்தப் பயத்திலும் அவருக்குக் கொஞ்சம் பெருமை இருந்தது.

டீச்சர் பவர் பட்டனில் விரலை வைத்து அழுத்தினார். எடுக்கவில்லை. திரை கறுத்தது. உள்ளே விசிறி நின்றது.

"ஐயோ!"

"தூங்கினாலும் மெமரியில எல்லாம் முழிச்சிட்டுத்தான் இருக்கும். அணைச்சாத்தான் காலி. பாஸ்வேர்ட் போடாம டிஸ்க்கும் திறக்காது. எவன் வேணும்னாலும் எந்த வயரையும் சொருகிக்கட்டும்."

"இப்ப ஒருத்தி கூப்பிட்டா நான் என்ன சொல்லுவேன்?"

டீச்சர் லேப்டாப்பை அவர் பக்கம் தள்ளினார். அருளப்பனின் போன் அடித்தது.

"அண்ணே, பாண்டியம்மா பேசுறேன். நீங்க சொன்னபடி கிளம்பி பஸ் ஸ்டாண்டுக்கு வந்துட்டேன். பிள்ளையும் கூட இருக்கு. எந்த வீட்டுக்குப் போகணும்?"

குழந்தை அழுவது கேட்டது. அருளப்பன் பட்டனைத் தட்டினார். கறுப்புத் திரையில் ஒரு வட்டம் சுற்றத் தொடங்கியது, சுற்றிக்கொண்டே இருந்தது. அவள் புருஷன் அடுத்த பஸ்ஸிலேயே வந்து இறங்கினால்? அவருக்கு டீச்சர் மேல் கோபம் கோபமாக வந்தது.

"மன்னிச்சுக்கம்மா. கம்ப்யூட்டர அணைச்சு வச்சிருக்கு. திறந்து பாத்துத்தான் சொல்லணும். கொஞ்சம் நிக்க முடியுமா?"

மறுமுனையில் ஏதோ ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது.

"நிக்கிறேண்ணே. கேட்ட உடனே கிடைக்கிற அட்ரஸா இருந்தா, எம் புருஷனும் கேட்டு வாங்கிட்டு வந்திருவாரே."