பல்லக்கில் வந்த குறட்டை

முன்னொரு காலத்தில், எந்த நாடு என்று மட்டும் கேட்காதீர்கள், ஓர் அரசருக்கு விசித்திரமான ஆசை வந்தது. அரண்மனையில் நடப்பது சரியா, தவறா என்று மக்களுக்கு எடுத்துச் சொல்ல ஆள் வேண்டுமாம். சிங்கநாதர் என்ற புலவரையும் அவருடைய கூட்டாளிகள் இருவரையும் அமர்த்தினார். தினமும் காலையில் சந்தைச் சதுக்கத்தில் முரசு மூன்று முறை முழங்கும். மூவரும் மேடையேறி நியாயம் சொல்வார்கள். முரசுக்குப் பின் சொன்னது அரசாணைக்குச் சமம். அவர்களே மாற்றிச் சொன்னால்தான் உண்டு; அரசரும் தொடமாட்டார்.

சென்ற மாதம் அரசியின் அண்ணனான சேனாதிபதி சபையில் தூங்கி வழிந்தார். "நாட்டைக் காத்துக் களைத்த கண்கள்! சற்றே மூடினால் குற்றமா?" என்று சிங்கநாதர் உருகினார்.

இந்த மாதம் விகடகவி மருதக்கூத்தன் தூங்கிவிட்டான். அதுவும் சிங்கநாதர் தம் கவிதையை வாசித்த நேரத்தில். விடுவாரா? மறுநாளே மேடையேறி, "சபையில் உறங்குவது ராஜத்துரோகம்! நாளை உச்சிவேளைக்குள் அவன் நாட்டை விட்டு வெளியேற வேண்டும்!" என்று கர்ஜித்தார்.

அரசருக்கு மனம் கேட்கவில்லை. இவன் போய்விட்டால் அவரைச் சிரிக்கவைக்க யார் இருக்கிறார்கள்?

"மருதக்கூத்தா, என் கைகள் கட்டுண்டிருக்கின்றன. வழிப்பயணத்துக்கு ஏதேனும் வேண்டுமானால் கேள்."

"தங்கள் பாதரட்சைகளைத் தந்தருள வேண்டும், மகாராஜா. ஒரு பல்லக்கும் வேண்டும்."

"பல்லக்கில் போகிறவனுக்குப் பாதரட்சை எதற்கு?" என்று கேட்டுக்கொண்டே அரசர் கழற்றிக் கொடுத்தார்.

மறுநாள் முரசு முழங்கியது. சிங்கநாதர் வாய் திறக்குமுன் திரை போட்ட பல்லக்கு ஒன்று மேடையருகே வந்து நின்றது. உள்ளேயிருந்து மரம் அறுப்பதுபோல் குறட்டைச் சத்தம்.

"ஐயா, உள்ள இருக்கிறவங்க சபையில தூங்கிட்டாங்க. குத்தமா இல்லையான்னு நீங்கதான் சொல்லணும்" என்றான் பல்லக்குத் தூக்கி.

"உள்ளே இருப்பது யார்?"

"அதைச் சொல்லக் கூடாதுன்னு உத்தரவுங்க."

சிங்கநாதருக்கு வியர்த்தது. ஆள் தெரியாமல் நியாயம் சொல்லும் பழக்கமே அவருக்குக் கிடையாது, பாவம். கூட்டாளிகளைப் பார்த்தார். அவர்கள் ஆகாயத்தைப் பார்த்தார்கள். அப்போது திரைக்குக் கீழே ஒரு கால் நீண்டது. காலில் ரத்தினம் பதித்த அரச பாதரட்சை!

"ஆகா! இது உறக்கமா? யோகநித்திரை அல்லவா! சபையில் உறங்குவது குற்றமே அல்ல. குற்றம் என்றவன் மூடன்!"

திரை விலகியது. கொட்டாவி விட்டபடி மருதக்கூத்தன் இறங்கினான்.

"நன்றி, புலவரே. குற்றம் என்று நேற்றுச் சொன்னவர் யாரென்று இந்தச் சந்தைக்கே தெரியும்."

சந்தை கொல்லென்று சிரித்தது. சிங்கநாதர் முகம் சிவந்து, "மன்னரின் பாதரட்சையைத் திருடியிருக்கிறான்! வெட்டுங்கள் அந்தக் காலை!" என்று கத்தினார்.

"நான்தான் கொடுத்தேன்" என்று சதுக்கத்தைப் பார்த்த அரண்மனை உப்பரிகையிலிருந்து அரசரின் குரல் வந்தது.

"தங்கள் கருணையே கருணை! எத்தனை பாக்கியம் செய்த கால் அது!" என்று சிங்கநாதர் அதே மூச்சில் முடித்தார்.

அரசர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பாதரட்சைகளை மருதக்கூத்தனுக்கே பரிசளித்தார். இனி நியாயம் கேட்பவர்கள் மூவரிடமும் நடந்ததை மட்டுமே சொல்ல வேண்டும், ஆளின் பெயரைச் சொல்லக் கூடாது என்றும் ஆணையிட்டார்.

அதன்பின் முரசு தினமும் முழங்கியது. மூவரும் மேடையேறி, கூட்டத்தில் யார் காலில் என்ன இருக்கிறது என்று தேடியபடி வாய்மூடி நின்றார்கள். மருதக்கூத்தனோ, சிங்கநாதர் கவிதை வாசிக்கும்போதெல்லாம் சபையில் நிம்மதியாகத் தூங்கினான். பக்கத்தில் சேனாதிபதியும் தூங்கினார்.