ஒரு 'ச்' குறைந்த ஓலை

கருங்கோட்டைச் சீமையில் நாகலிங்கப் பண்டிதர் சபைக்கு வந்தால், கட்டியக்காரன் அவருடைய பட்டங்களைச் சொல்லி முடிப்பதற்குள் ராஜா ஒரு தரம் வெற்றிலை போட்டு முடித்துவிடுவார். சர்வசாஸ்திர சிரோமணி, தர்க்க சிங்கம், இலக்கணக் கடல், அதற்கப்புறம் இன்னும் ஏழு.

அப்பேர்ப்பட்டவர் ஒருநாள், "இளவரசிக்கு எழுத்து ஏறாது மகாராஜா" என்றார். "ஏழு வயசாகிறது. 'கடல்' என்று எழுதிக் கொடுத்தால் 'கட' வரைக்கும் வந்து அழுகிறாள். என் மலை மடத்தில் பன்னிரண்டு வருஷம் விடுங்கள். தாய் முகம் பார்க்காமல் இருந்தால் தானாக ஏறும்."

சபையோடு விட்டாரா? குளத்தங்கரை, தேர்முட்டி, எண்ணெய்க்கடை என்று ஊரெல்லாம் சொன்னார். எண்ணெய்க்கடைக்காரர் அரண்மனைக்கே வந்து துக்கம் விசாரித்துவிட்டுப் போனார்.

ராஜா யோசித்தார். "வரும் பௌர்ணமியன்று பண்டிதர் எழுதும் ஓலையை என் மகள் செவ்வந்தி சபையில் வாசிக்கட்டும். வாசிக்காவிட்டால் மடம்தான்."

ராணி வடிவுடையாளுக்கு அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. பன்னிரண்டு வருஷம். குழந்தைக்கு இன்னும் தானாகத் தலை பின்னிக்கொள்ளக்கூடத் தெரியாது. ஓலைநாயகம் அம்பலவாணரைக் கூப்பிட்டு அனுப்பினாள். அரண்மனை ஓலைகளை எழுதுவது அவர் வேலை. கேட்காமலே யார் காதிலிருந்தாவது கொட்டைப்பாக்கு எடுத்து வித்தை காட்டுவது அவர் வழக்கம்.

அம்பலவாணர் குழந்தையிடமே கேட்டார். "எழுத்து என்ன பண்ணுது தாயே?"

"எல்லாம் ஒண்ணா வருது. எறும்பு மாதிரி ஓடுது."

"அவ்வளவுதானே? ஒவ்வொண்ணா வரச் சொல்லுவோம்."

மறுநாள் காலையில் ஓர் ஓலையை நீட்டினார். "இதுல என்ன இருக்கு?"

"ஒண்ணுமே இல்லை."

"விளக்குக் கரியைத் தொட்டுக் கொஞ்சம் தேயுங்க."

செவ்வந்தி தேய்த்தாள். வெற்று ஓலையில் 'அ' வந்தது. அது மட்டும்தான் வந்தது. எழுத்தாணியால் கீறிய எழுத்து கரி தேய்த்தால்தான் கண்ணுக்குத் தெரியும். ஓலை எழுதுகிறவர்களுக்கு இது தெரியும். ஏழு வயசுக்குத் தெரியாது.

"மந்திர ஓலை" என்றார் அம்பலவாணர். "முழுசா வாசிச்சா பலிக்கும். பாதியில விட்டா பலிக்காது."

ராணியிடம் முன்பே சொல்லி வைத்திருந்தார்: "ராணியம்மாவுக்கு ஒரே வேலை. குழந்தை ஓலையை வாசிச்சு முடிச்சதும் தும்மணும்." கையில் ஒரு பொட்டலம் மூக்குப்பொடியும் கொடுத்திருந்தார்.

"அ… ம… மா… புள்ளி எங்கே?" என்றாள் செவ்வந்தி.

"ஓலையில புள்ளி குத்தினா பொத்துப் போயிடும். அதை நீங்கதான் மனசால வச்சுக்கணும். கொம்பும் அப்படித்தான். 'கொ'வா 'கோ'வான்னு ஓலை சொல்லாது. நீங்கதான் பார்த்துச் சொல்லணும்."

"அம்மா… து… தும்… தும்மு…"

ராணி அவசரப்பட்டு 'அ'விலேயே பொடி போட்டுவிட்டாள். கண்ணில் தண்ணீர் முட்டியது. மூக்கைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சீமையின் எதிர்காலம் அந்த மூக்கில் இருந்தது.

"…வாள்."

"ஹச்!"

செவ்வந்தி ஓலையைப் பார்த்தாள். அம்மாவைப் பார்த்தாள். கையை நீட்டினாள். "இன்னொரு ஓலை."

பௌர்ணமிக்குள் ராணி எத்தனை தும்மல் தும்மினாள் என்பது அரண்மனை வைத்தியருக்குத்தான் தெரியும். அவர் தினமும் கஷாயம் அனுப்பினார். 'கிளி பேசும்' என்ற ஓலை மட்டும் பலிக்கவில்லை. கிளியிடம் சொல்ல மறந்துவிட்டதாக அம்பலவாணர் ராணியிடம் ஒப்புக்கொண்டார்.

பௌர்ணமி வந்தது. பண்டிதர் சபையில் உட்கார்ந்து எழுதினார். தன் பெயரில்தான் ஆரம்பித்தார். பெயருக்கு முன்னால் பத்துப் பட்டமும் வரவேண்டுமே? வந்தன. கடைசி வார்த்தைகளுக்கு வரும்போது ஓலை முடியப் பார்த்தது. ஓரத்தில் நெருக்கிக் கீறிக் கொடுத்தார்.

செவ்வந்தி மடியிலிருந்து கரிச்சிமிழை எடுத்தாள்.

"கரி தடவுவது முறையல்ல!" என்றார் பண்டிதர்.

"மகாராஜா ஓலையை வாசிக்கத்தான் சொன்னார். கையைக் கழுவிக்கொண்டு வாசிக்கச் சொல்லவில்லையே" என்றார் அம்பலவாணர்.

ராஜா தலையசைத்தார். குழந்தை ஒவ்வோர் எழுத்தாகத் தேய்த்து வாசித்தாள். பத்துப் பட்டங்கள். ராஜா வெற்றிலை போட்டு முடித்தார். "நாகலிங்கப் பண்டிதர்… ஊரெல்லாம்…"

நின்றுவிட்டாள். ராணியின் கை மூக்குப்பொடிப் பொட்டலத்தைக் கசக்கியது.

"பொ… பொய்… சொன்னார்."



"பார்த்தீர்களா!" பண்டிதர் குதித்து எழுந்தார். "நான் எழுதியது 'போய்'! ஊரெல்லாம் போய், தர்மத்தைச் சொன்னார் என்று அர்த்தம்! நான் அப்போதே சொன்னேனே, எழுத்து ஏறாது!"

ராணி பக்கத்திலிருந்த தூணைப் பிடித்துக்கொண்டாள்.

"அந்த ரெண்டு வார்த்தைக்கும் நடுவுல ஒண்ணுமே இல்லையே" என்றாள் செவ்வந்தி. "ஒவ்வொண்ணாத்தானே தேய்ச்சேன்."

அம்பலவாணர் ஓலையை வாங்கிப் பார்த்தார். "இலக்கணக் கடலே, ஒரு சந்தேகம். 'போய்' என்றால் 'போய்ச் சொன்னார்' என்று நடுவில் 'ச்' வரவேண்டாமோ?"

பண்டிதர் ஓலையின் ஓரத்தைக் காட்டினார். "ஓலையில் இடம்…"

"அப்படியானால் தாங்கள் எழுதியதில் பிழை."

"பிழையா? என் ஓலையிலா? ஒருக்காலும் இல்லை!"

"'ச்' இல்லாமல் எழுதியதுதான் சரி?"

"முற்றிலும் சரி!" என்று சொன்ன பிறகுதான் பண்டிதர் யோசித்தார்.

"அப்படியானால் இளவரசி வாசித்ததும் முற்றிலும் சரி, மகாராஜா."

செவ்வந்தி அப்பாவைப் பார்த்தாள். "முழுசா வாசிச்சேன்பா. பலிச்சிடுச்சு. எனக்கு வாசிக்க வராதுன்னு ஊரெல்லாம் சொன்னாரே!"

ராஜா சிரித்த சிரிப்பில் வெற்றிலைத் தட்டு உருண்டது. "மடமும் வேண்டாம், மலையும் வேண்டாம். பண்டிதர் பட்டத்தில் ஒன்றைக் குறையுங்கள். அந்த இடத்தில் ஒரு 'ச்' வைத்துக்கொள்ளட்டும். அம்பலவாணரே, உமக்கு என்ன வேண்டும்?"

"கிளியோடு பேச ஒரு வாரம் அவகாசம், மகாராஜா."

ராணி மகளைக் கட்டிக்கொண்டு அழுதாள். பொடிக் கையாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"ஹச்!"

செவ்வந்தி நிமிர்ந்து பார்த்தாள். "என்னம்மா நீ? நான் இன்னும் வாசிக்கவே இல்லையே!"