சக்கரக்கட்டை

அள்ளிக் கொடுத்தாலும் முகம் கோணுகிறவர்கள் உண்டு. கம்ப்யூட்டர் சிப் தொழிற்சாலை தொடங்க வந்த வெளிநாட்டு முதலாளி ஹென்ரிக் அந்த ரகம். நாட்டுக்கு அவசியமான தொழிலாயிற்றே என்று அரசாங்கம் அவருக்கு நிலத்தைச் சும்மா கொடுத்தது, மின்சாரத்தைப் பாதி விலைக்குக் கொடுத்தது, பத்து வருஷ வரியையும் விட்டுக்கொடுத்தது. பதிலுக்குக் கேட்டது ஒன்றுதான்: பாதி வேலை உள்ளூர்க்காரர்களுக்கு.

அந்த ஒப்பந்தத்தில் மட்டும் கையெழுத்துப் போட மறுத்தார் ஹென்ரிக். "இங்கே எவனுக்கு வேலை தெரியும்?"

அன்றைக்குப் பார்த்து, இரும்புச் சக்கர வண்டியில் ஏற்றிவந்த அவருடைய நாற்பது டன் இயந்திரம் தேரடி முனையில் திரும்ப முடியாமல் நின்றுவிட்டது. கிரேன் நுழைய இடமில்லை. அவருடைய பொறியாளர்கள் கையைப் பிசைந்தார்கள்.

கோயில் தேரின் சக்கரத்துக்குக் கட்டை போட்டு அதைத் திருப்பவும் நிறுத்தவும் செய்யும் உச்சிமாகாளி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். "நான் திருப்பட்டுமாய்யா?"

ஹென்ரிக் சிரித்தார். "கீறல் விழாமல் திருப்பு பார்க்கலாம். அந்த நிமிஷமே கையெழுத்துப் போடுகிறேன்."

டிராக்டர் மெல்ல இழுக்க, உச்சிமாகாளி சக்கரங்களுக்கு மாற்றி மாற்றிக் கட்டை கொடுத்தார். இயந்திரம் தேர் மாதிரி அசைந்து திரும்பி ஆலை வாசலுக்கு வந்தது. ஊரே குலவையிட்டது.

"கையெழுத்தை நாளைக்குப் பார்ப்போம். உள்ளே இழுங்கள்" என்றார் ஹென்ரிக்.

வண்டி அசையவில்லை. முன்சக்கரத்தில் உச்சிமாகாளி செருகிய கட்டையைப் பொறியாளர்கள் நாலு பேர் இழுத்தும் பிடுங்க முடியவில்லை.

"எங்களுக்கு ஓட்டவும் தெரியும்யா, நிறுத்தவும் தெரியும். நீங்க பேனாவை எடுங்க, நான் கட்டையை எடுக்கேன்."