முப்பிடாதியின் ஊசி

“மேடம், இந்தம்மாவுக்குப் புரியவைக்க என்னால ஆகாது. நீங்களே பாத்துக்கோங்க” என்றான் இளமாறன்.

கோவில்பட்டியில் செண்பகவல்லி டாக்டரிடம் பல் வைத்தியம் பழக வந்தவன் அவன். படிப்பில் புலிதான். பொறுமை மட்டும் அரைக்காசுக்குப் பெறாது.

நாற்காலியில் ஏறின முப்பிடாதி, பல்லை எடுக்கணும் என்றதும் இறங்கிவிட்டாள். கன்னம் பணியாரமாக வீங்கியிருந்தது. கிராம்பை அடக்கி அடக்கி வாயெல்லாம் புண். பாவம், ஒழுங்காகத் தூங்கியே நாளாச்சு.

“ஏம்மா இறங்கிட்டீங்க?” என்றார் டாக்டர்.

“மேல்பல்லைப் புடுங்குனா கண்ணு போயிரும்னு சொல்லுதாக. எங்க சித்திக்கு அப்படித்தான் போச்சு.”

“பல்லு நரம்பு வேற, கண்ணு நரம்பு வேறன்னு படம் போட்டே காட்டிட்டேன் மேடம்!”

“படத்துல இருக்கது யாரு கண்ணோ!” என்றாள் முப்பிடாதி. “நான் ஜாக்கெட் தைக்கவ டாக்டரம்மா. வீட்டுக்காரரு படுத்த படுக்கை. என் கண்ணும் போச்சுன்னா எங்களுக்கு யாரு கஞ்சி ஊத்துவா?”

இளமாறன் படத்தை மடித்து வைத்தான்.

டாக்டர் ஒரு முக்காலியை இழுத்துப்போட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“ஊசி நூல் வச்சிருக்கீங்களா?”

“அது இல்லாம இருப்பேனா?” முந்தானையில் குத்தியிருந்த ஊசியை உருவினாள்.

“கோத்துக் காட்டுங்க.”

கண்மூடித் திறப்பதற்குள் கோத்துவிட்டாள்.

“நூலை உருவிடுங்க. பல்லை எடுத்த பிறகு மறுபடி கோக்கணும்.”

“கோக்க முடியலைன்னா?”

“ஆஸ்பத்திரியை இழுத்துப் பூட்டிருதேன். போதுமா?”

முப்பிடாதி டாக்டர் முகத்தையே பார்த்தாள். அப்புறம் நாற்காலியில் ஏறிப் படுத்தாள். மரத்துப்போக ஊசி போடும்போது எட்டி இளமாறனின் கையைப் பிடித்தவள், பல் வெளியே வரும்வரை விடவேயில்லை.

பஞ்சைக் கடிக்கக் கொடுத்து, மெதுவாக எழுப்பி உட்காரவைத்தார்கள். டாக்டர் அவளுடைய தையல் ஊசியையும் நூலையும் நீட்டினார்.

முப்பிடாதி நூல் நுனியை முறுக்கிக் கோக்கப் பார்த்தாள். நுழையவில்லை.

மறுபடியும் கோக்கப் பார்த்தாள். நூல் ஊசிக்கு வெளியே போனது.

அவள் முகம் வெளுத்துவிட்டது. இளமாறனுக்கோ படித்த நரம்பு ஒன்றும் ஞாபகம் வரவில்லை. கடவுளே, எப்படியாவது நுழைஞ்சிரட்டும் என்று வேண்டிக்கொண்டான். சாமி கும்பிடுகிற பழக்கமே இல்லாதவன்!

“கண்ணு நிறைய தண்ணி நிக்கி. அப்புறம் எப்படித் தெரியும்?” டாக்டர் அவள் கண்ணைத் துடைத்துவிட்டார். “இப்பப் பாருங்க.”

நூல் நுழைந்தது.

வாயில் பஞ்சு. பேச முடியாது. கோத்த ஊசியை முதலில் டாக்டரிடம் காட்டினாள், பிறகு இளமாறனிடம். துடைத்த கண் திரும்பவும் நிறைந்துவிட்டது.

அவள் போன பிறகு இளமாறன் மெல்ல வந்தான்.

“மேடம், ரெண்டாவது தடவையும் நுழையலையே, அப்ப…”

“பயந்துட்டியோ?”

“உசிரே போயிருச்சு மேடம்.”

“நல்லது. படம் பாத்த அந்தம்மாவுக்கும் அப்படித்தான் இருந்திருக்கும். அடுத்த ஆளைக் கூப்பிடு.”