கணப்பில் கொட்டிய தண்ணீர்

மலைகளுக்கு யாரும் எல்லைக்கல் நடாத காலத்தில், மேகம் வந்து முட்டி நிற்கும் கூதல்மலை என்று ஒரு மலை இருந்தது. அதன் உச்சியில் ஓர் ஊரும் இருந்தது. கதை கேட்க உட்கார்ந்தவர்களே, போர்வையை இழுத்துப் போர்த்திக்கொள்ளாதீர்கள். எடுத்து அந்தப் பக்கம் வையுங்கள். கொஞ்சம் நடுங்கிக்கொண்டு கேட்டால்தான் இந்தக் கதை புரியும்.

மார்கழி பிறந்தால் அந்த ஊரில் பனி கொட்டும். விளைந்த சாமை கருகும். ஆடுகள் விறைத்துச் சாகும். சின்னக் குழந்தைகளுக்கு நெஞ்சில் சளி கட்டி இழுப்பு வரும். இழுப்பு வந்த குழந்தைகளில் பாதி தை மாதத்தைப் பார்க்காது.

கீழே சமவெளியை ஆண்ட அரசன், ஏரிக்கரைக் காட்டைத் திருத்தி உழுகிறவர்களுக்கு அந்த நிலமே சொந்தம் என்று பறையறைவித்திருந்தான். அங்கே பனி கிடையாது, வெயில் உண்டு. போவதா, இருப்பதா? இதுதான் ஊரார் முன் இருந்த கேள்வி.

அதை முடிவு செய்ய வேண்டியவர்கள் ஊர்த்தலைவன் இரும்பன் மூப்பனும் ஊர்ப் பெரியவர்களும். மார்கழியில் ஒருநாள் விடியற்காலையில் சாவடியில் கூடுவார்கள். கதவைச் சாத்தி, இடுக்குகளில் வைக்கோலைத் திணித்து, நடுவே பெரிய கணப்பை மூட்டிச் சுற்றி உட்காருவார்கள். கணப்புக்கு விறகு கொண்டுவருவது வீட்டுக்கு வீடு முறை. உட்கார்ந்தவர்கள் ஒரு முடிவு சொல்லாமல் எழுந்திருக்கக் கூடாது. எழுந்தவருக்குச் சபையில் அப்புறம் இடமில்லை. இது பாட்டன் காலத்துச் சட்டம்.

முதல் வருடம் கூடினார்கள். கீழே போனால் இரண்டு போகம் விளையும், பிள்ளைகள் பிழைக்கும் என்றார்கள். ஆனால் கொசு கடிக்கும், காய்ச்சல் வரும், கோடையில் கிணறு வற்றும், அரசனுக்குக் கும்பிடு போட வேண்டும், மலைச்சாமியை விட்டுப் பிரிய வேண்டும் என்றும் சொன்னார்கள். சுக்குத்தண்ணீர் குடித்தார்கள். அடுத்த வருடம் பார்ப்போம் என்பதையே முடிவாகச் சொல்லிவிட்டு எழுந்தார்கள்.

அவர்கள் சொன்னதில் ஒன்றுகூடப் பொய்யில்லை. கொசுவும் உண்டு, காய்ச்சலும் உண்டு. அதனால்தான் எனக்கு இன்னும் எரிகிறது. பொய் சொல்கிறவனையாவது கையும் களவுமாகப் பிடிக்கலாம். கதகதப்பாக உட்கார்ந்துகொண்டு நியாயம் பேசுகிறவனை என்ன செய்வது?

அந்த ஊரில் சடைச்சி என்று ஒருத்தி இருந்தாள். அவளுக்குத் தும்பன் என்று ஒரு மகன், பூவாள் என்று ஒரு மகள். இரண்டாம் வருடம் தும்பனுக்கு இழுப்பு வந்தது. அவனைத் தோளில் போட்டுக்கொண்டு சடைச்சி சாவடி வாசலுக்கு ஓடினாள். இந்த வருடமாவது முடிவு சொல்லுங்கள், இன்றைக்கே இறங்கிவிடுகிறோம் என்று கெஞ்சினாள். மூப்பன் நல்லவிதமாகத்தான் பேசினான். சாவு எங்கும் உண்டு, அவசரத்தில் எடுக்கிற முடிவு ஊரைக் கெடுக்கும் என்றான். பேசி முடித்ததும், பனி உள்ளே வருகிறது, கதவைச் சாத்து என்றான். அடுத்த வருடம் பார்ப்போம் என்று அந்த வருடமும் எழுந்தார்கள். நான்காம் நாள் தும்பன் செத்துப்போனான்.

சடைச்சி அழுதாள். பிறகு அழுகை நின்றது. நின்ற இடத்தில் கோபம் வந்து உட்கார்ந்துகொண்டது. களை பறித்தபோதும் அது போகவில்லை, கதிர் அறுத்தபோதும் போகவில்லை. தனியாகவே கீழே போய்விடலாமா என்றுகூட யோசித்தாள். ஒற்றைக் குடும்பம் காடு திருத்த முடியுமா? யானை மிதித்துவிட்டுப் போகும். போனால் ஊரோடுதான் போக வேண்டும்.

மூன்றாம் வருடம் மார்கழி பிறந்தது. பூவாளின் நெஞ்சில் அதே இழுப்பு. பூனை உறுமுவது போல அதே சத்தம். சபை கூடும் நாளும் வந்தது. அந்த வருடம் விறகு முறை சடைச்சி வீட்டுக்கு.

தலையில் விறகுக்கட்டு, இடுப்பில் குடம். சுக்குத்தண்ணீருக்காக இருக்கும் என்று யாரும் ஒன்றும் கேட்கவில்லை. கட்டை இறக்கிப் போட்டாள். குடத்தைத் தூக்கினாள். எரிந்துகொண்டிருந்த கணப்பில் அவ்வளவு தண்ணீரையும் கொட்டினாள்.

புகை எழுந்தது. பெரியவர்கள் இருமினார்கள். அவள் இரண்டு கதவையும் விரியத் திறந்துவிட்டு வாசற்படியில் உட்கார்ந்துகொண்டாள். வெளியே காத்திருந்த பனி தாராளமாக உள்ளே வந்தது.

"யாரும் எந்திரிக்கக் கூடாது. அது உங்க சட்டம்," என்றாள். "அடுத்த வருசம்கிறது முடிவாகாது. இப்பப் பேசுங்க."

மூப்பனுக்கு முகம் சிவந்தது. இவளை இழுத்து வெளியே தள்ளுங்கள் என்று கத்தினான். தள்ள வேண்டுமானால் எழுந்திருக்க வேண்டும். எழுந்தால் சபையில் இடம் போய்விடும். ஒருவரும் அசையவில்லை.

சரி, பேசுவோம் என்று மூப்பன் தொடங்கினான். கீழே காய்ச்சல் வரும் என்று சொல்ல வாயெடுத்தான். பல் தந்தியடித்ததில் காய்ச்சல் வாயிலேயே நின்றுவிட்டது. வருடா வருடம் கொசுவைப் பற்றிப் பேசுகிற பெரியவர் இரண்டு கைகளையும் அக்குளில் செருகிக்கொண்டு கொசுவை மறந்தே போனார். மலைச்சாமியை விட்டு எப்படிப் பிரிவது என்று உருகுகிறவர், சாமியைக் கீழேயும் வைத்துக் கும்பிடலாம் என்றார். மூன்று வருடம் இழுத்த பேச்சு சுக்குத்தண்ணீர் ஆறுகிற நேரத்தில் முடிந்தது. எல்லாரும் இறங்குவது என்று மூப்பன் வாயாலேயே சொன்னான்.

சொல்லிவிட்டு எழுந்தவன், கம்பளியை இறுக்கிக்கொண்டு சடைச்சியிடம் வந்தான். அவன் குரல் இப்போது இறங்கியிருந்தது.

"இம்புட்டுக் குளிருன்னு முன்னாடியே சொல்லியிருக்கலாமே, தாயி."

சடைச்சி எழுந்து நின்றாள்.

"சொன்னேன் மூப்பரே. எம் மகனைத் தோள்ல போட்டுக்கிட்டு வந்து இதே வாசல்ல நின்னு சொன்னேன். அன்னிக்கு உங்களுக்கு வேர்த்துக்கிட்டு இருந்துச்சு."

அவள் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. வீட்டுக்குப் போய்ப் பூவாளைத் துணியில் சுற்றி முதுகில் கட்டிக்கொண்டு, ஊருக்கு முன்னால் இறங்கத் தொடங்கினாள்.

கீழே எல்லாம் சுகமாக இருந்தது என்று சொன்னால் நான் பொய்யன். கொசு கடித்தது. காய்ச்சல் வந்து சிலர் போனார்கள். கோடையில் கிணறு வற்றியது. ஆனால் பூவாளின் இழுப்பு நின்றது. அவள் வளர்ந்து ஏரியில் நீந்தினாள். சடைச்சியை ஊரே புகழ்ந்தது. அந்தப் புகழ்ச்சியை அவள் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. ஒரு வருடம் முன்னால் இறங்கியிருந்தால் நீந்தப் பிள்ளைகள் இரண்டு பேர் இருந்திருப்பார்கள். கடைசிவரை அவள் மூப்பனை மன்னிக்கவில்லை. நானும் மன்னிக்கச் சொல்ல மாட்டேன்.

ஆகவே கேட்டவர்களே, இதுதான் நீதி: அடுத்தவர் படுகிற துன்பத்துக்கு நல்லது கெட்டது பார்த்து முடிவு சொல்ல வேண்டியவர், முதலில் அந்தத் துன்பத்தின் நடுவில் போய் உட்கார வேண்டும்.