ஓலை வேய்ந்த மனிதன்

கடல் இப்போது இருப்பதைவிட ரொம்ப உள்ளே தள்ளி இருந்த காலம். நீங்களும் பிறக்கவில்லை, நானும் பிறக்கவில்லை. அந்தக் காலத்தில் வெள்ளைக்கரை என்று ஒரு நாடு. நாடெல்லாம் உப்பளம்தான். பாத்தி கட்டுவார்கள், உப்பு வாருவார்கள், அம்பாரமாகக் குவிப்பார்கள். மழை பட்டால் உப்பு கரையும் இல்லையா? அதனால் குவித்த அம்பாரத்தைப் பனையோலையால் வேய்ந்து மூடுவார்கள். மூடாமல் வீட்டுக்குப் போகிறவன் அந்த நாட்டில் கிடையாது.

ஒரு வருஷம் உப்பு விளையும் கோடையிலே மழை கொட்டித் தீர்த்தது. பாத்தியெல்லாம் பாழ். ஏழு ஆண்கள் கூடிப் பேசி, வடக்குக் கோட்டையில் இருந்த வெண்மாயன் என்ற மந்திரவாதியிடம் போனார்கள். அதில் மாசானம் ஒருவன், சுடலை ஒருவன்.

"மழையை நிறுத்தினால் என்ன தருவீர்கள்?" என்றான் வெண்மாயன்.

"கேட்டதைத் தருவோம்!" என்றார்கள் ஏழு பேரும். அட முட்டாள்களா, என்ன கேட்பாய் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?

மழை நின்றது. ஒரு வருஷம் இல்லை, மூன்று வருஷம். உப்பு மலை மலையாகக் குவிந்தது. ஆனால் கிணறு வற்றியது, மாடு செத்தது, பிள்ளைகள் உதடு வெடித்துக் கிடந்தார்கள். மழையே இல்லாத ஊரில் ஓலை எதற்கு? அம்பாரத்தை வேய்வதையும் விட்டுவிட்டார்கள்.

அப்போதுதான் வெண்மாயன் வந்தான். மாசானத்தின் மகள் பொன்னுக்கு ஐந்து வயது. வீட்டுக்கு யார் வந்தாலும் தண்ணீர் கொடுக்கப் பழகிய பிள்ளை அது. ஒரு தேங்காய்ச் சிரட்டையில் கொஞ்சம் தண்ணீரை ஏந்திக்கொண்டு ஓடியது. அவன் அலறிப் பின்வாங்கினான். ஒரு சொட்டு அவன் கால் கட்டைவிரலில் தெறித்தது. பட்ட இடம் பள்ளமாகக் கரைந்துபோனது. மாசானத்தின் மனைவி சடைச்சி அதைப் பார்த்துவிட்டாள். யாரிடமும் சொல்லாமல் மனதில் முடிந்துகொண்டாள்.

"ஏழு வீட்டிலும் தலைப்பிள்ளையைக் கொடுங்கள்" என்றான் வெண்மாயன்.

ஏழு பேரும் உப்பளத்து வரப்பில் நின்று கதறினார்கள். மாசானம் மகளை மறைக்கிற மாதிரி கையை நீட்டி, "உங்கிட்ட அன்னைக்கு வராம இருந்திருந்தா..." என்று சொல்லி முடிக்கவில்லை, கால் வெளுத்தது, இடுப்பு வெளுத்தது, தலை வெளுத்தது. உப்புச் சிலை! மற்ற ஆறு பேரும் அதையேதான் புலம்பினார்கள், அப்படியேதான் ஆனார்கள். அவன் மந்திரம் அப்படி. அவன் காதில் விழும்படி நடந்துபோனதை நினைத்து 'அப்படிச் செய்திருந்தா' என்று ஏங்கினால் உப்புதான்.

"வெள்ளிக்கிழமை வந்து பிள்ளைகளை அழைத்துப் போகிறேன்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

வியாழக்கிழமை காலையில் சடைச்சி பழைய ஓலையெல்லாம் பொறுக்கிவந்து, புருஷனை அம்பாரம் மாதிரி வேய ஆரம்பித்தாள். மற்றப் பெண்களையும் கூப்பிட்டாள். ஐந்து பேர் அழுதுகொண்டே வந்து தங்கள் ஆட்களை வேய்ந்தார்கள். சுடலையின் மனைவி உச்சினி மட்டும் வரவில்லை.

"ஏட்டி உச்சினி, மழை வந்தா என்ன செய்வ?"

"உனக்குப் பைத்தியம் பிடிச்சிருச்சா? மூணு வருஷமா வராத மழை இன்னைக்கா வரப்போவுது?"

சடைச்சி மூன்று தடவை கெஞ்சினாள். மூன்று தடவையும் அதே பதில். பொழுது ஏறிக்கொண்டிருந்தது. வீட்டில் மிச்சம் இருந்த ஒரே ஒரு பானைத் தண்ணீரைத் தலையில் தூக்கினாள். "அம்மா, ஒரு வாய்" என்றது பொன்னு. "வந்து தாரேன் கண்ணு" என்று திரும்பிப் பாராமல் நடந்தாள்.

கோட்டைக்குள் வெண்மாயன் எட்ட உட்கார்ந்திருந்தான். "பானையில் என்ன?"

"கருப்பட்டிங்கய்யா. பிள்ளையை வெறுங்கையோட அனுப்பலாமா?"

அவன் சிரித்தான். "உன் புருஷனை அன்றைக்கு நீ தடுத்திருந்தால்?"

சடைச்சி பேசவில்லை.

"ஒரு மழை போனால் போகிறது என்று பொறுத்திருந்தால்?"

சடைச்சி பேசவில்லை. பத்தடி தூரம். வீசினால் எட்டாது. அவனோ எழுந்து வருகிற மாதிரி தெரியவில்லை. அவனைப் பக்கத்தில் வரவைக்க ஒரே வழிதான் இருந்தது.

"உன் பிள்ளைக்கு வேறே அப்பன் வாய்த்திருந்தால்?"

அவள் வாய் திறந்தாள். பொய்யில்லை, மூன்று வருஷமாக நெஞ்சில் கிடந்தது. "நான் அன்னைக்கு வாசலை மறிச்சு நின்னிருந்தா..."

பாதம் வெளுத்தது. முழங்கால் வெளுத்தது. இடுப்பு வெளுத்தது. மனிதர் உப்பாவதைக் கிட்டத்தில் பார்க்கிற ருசிக்கு எழுந்து வந்தான் வெண்மாயன். முகத்துக்கு நேரே முகம் வைத்தான். கை இன்னும் அவள் கைதான். பானையைக் கவிழ்த்தாள்!

அவன் தோள் சரிந்தது. வானம் இடித்தது. கட்டு அறுந்த மழை கோட்டைக் கூரையில் கொட்டியது. தரையில் கிடந்து கரைந்துகொண்டே தலை மட்டும் சிரித்தது.

"பைத்தியக்காரி! நான் முழுசாகக் கரைந்தால்தான் உங்களுக்கு விமோசனம். அதற்குள் இந்த மழையில் உன் புருஷன் இருப்பானா?"

"வேய்ஞ்சுட்டுத்தான்யா வந்தேன்" என்றாள் சடைச்சி.

தலை அதற்குப்பிறகு சிரிக்கவில்லை. அது கரைய நேரமானது. கரைந்ததும், உப்பாகியிருந்த அவள் காலில் மறுபடி ரத்தம் ஓடியது. சேற்றில் விழுந்து எழுந்து ஓடினாள்.

ஆறு ஓலைக் கூடுகளிலிருந்து ஆறு ஆண்கள் இருமிக்கொண்டு வெளியே வந்தார்கள். மாசானத்தின் நீட்டிய கையில் இரண்டு விரல்கள் இல்லை, அதுவரைக்கும் ஓலை எட்டவில்லை. பொன்னு அண்ணாந்து வாயைத் திறந்து மழையைக் குடித்துக்கொண்டிருந்தது.

சுடலை நின்ற இடத்தில் ஒரு வெள்ளி அரைஞாண் மட்டும் கிடந்தது. உச்சினி அதை எடுத்து மார்பில் அடித்துக்கொண்டாள். "நானும் வேய்ஞ்சிரு..."

சடைச்சி பாய்ந்து அவள் வாயைப் பொத்தினாள். மந்திரம் போய்விட்டது, சொன்னால் ஒன்றும் ஆகாது, அவளுக்கும் தெரியும். ஆனாலும் பொத்தினாள். பொத்திக்கொண்டே அவளும் அழுதாள். "வேண்டாம்டி. இனி மேகம் கறுத்தா உன் அம்பாரத்தை நான் வேய்வேன். நான் இல்லாமப் போனா என் மக வேய்வா."

அப்படியேதான் நடந்தது. வெள்ளைக்கரையில் உப்பு விளைந்த காலம் வரைக்கும், வானம் வெளுத்துக் கிடந்தாலும் முதல் ஓலை உச்சினியின் அம்பாரத்துக்குத்தான் போகும். அவர்கள் மழையில் நனைந்தார்கள், நாம் கதையில் நனைந்தோம்.